ஆற்றங்கரைத் தொழில்கள் – காலாங் ஆறு சொல்லும் வரலாறு



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். இன்று நாம் பேசப்போவது அப்படிப்பட்ட வரலாறு அன்று. ஓர் ஆற்றின் கரையில் எந்தத் தொழில் எந்த இடத்தில் அமர்ந்தது, ஏன் அங்கே அமர்ந்தது, பிறகு ஏன் எழுந்து போனது என்பதே இன்றைய பேச்சு. இது உழைத்தவர்களின் வரலாறு. ஆகவே நம்முடைய வரலாறும் ஆகும்.

இதனை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். துரையின் பங்களா மேட்டில் இருக்கும். ஆபீசும் மேட்டில்தான் இருக்கும். பாலை உறைய வைத்து ஷீட்டு அடிக்கும் ஆலை மட்டும் பெரும்பாலும் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும். காரணம் என்ன? பாலில் கலக்கத் தண்ணீர் வேண்டும். ஷீட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும். கழுவிய அழுக்கு நீர் ஓடிப்போக ஒரு வழியும் வேண்டும். அந்த நீரின் நாற்றம் மேட்டுப் பங்களாவுக்கு எட்டாது. பள்ளத்திலிருக்கும் லயத்துக்கு எட்டும். 

ஆக, ஒரு தொழில் நிற்கும் இடத்தை மூன்று முடிவு செய்கின்றன. ஒன்று தண்ணீர். இரண்டாவது, சரக்கு வந்து போகும் வழி. மூன்றாவது, வேறு யாருக்கும் வேண்டாத மலிவான நிலம். தோட்டத்து ஓடையில் நாம் காணும் இந்த மூன்றையும் ஒரு பெரிய நகரத்தின் ஆற்றில் இப்போது காண்போம். அந்த நகரம் சிங்கப்பூர். அந்த ஆறு காலாங்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றோம். சிராங்கூன் சாலையில் இறங்கினோம். பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் பார்த்தவாறு நடந்தபோது ஒரு சந்தில் ‘கெர்பாவ் ரோடு’ என்று பெயர்ப் பலகை இருந்தது. பக்கத்தில் ‘பஃபலோ ரோடு’ என்று இன்னொன்று. மலாயும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகள் அல்லவா? ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் உடனே கேட்டான்: “இரண்டுமே எருமைதானே சார், எருமை எங்கே?”

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் ஓர் ஆற்றின் வரலாறே கிடைக்கிறது.

முதலில் ஆறுகளை அறிந்துகொள்வோம். சிங்கப்பூரின் தென்கரையில் இரண்டு ஆற்று முகங்கள் அருகருகே உள்ளன. ஒன்று சிங்கப்பூர் ஆறு. அதன் நீளம் சுமார் 3 கிலோமீட்டர்தான். 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியது அதன் முகத்தில். மற்றொன்று காலாங் ஆறு. சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே அத்தீவின் மிக நீண்ட ஆறு. தீவின் நடுவிலுள்ள பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டுத் தெற்கு நோக்கி வருகிறது. வழியில் வாம்போ என்னும் கிளை அதனோடு சேர்கிறது. முகத்துக்கு அருகே ரோச்சோர் ஆறும் கேலாங் ஆறும் வந்து கூடுகின்றன. இவை கூடுமிடமே காலாங் படுகை. இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் சிராங்கூன் சாலை வட்டாரம் ரோச்சோர் ஆற்றை ஒட்டி, இப்படுகையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு ஆறுகளும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன என்றே சொல்லலாம். சிங்கப்பூர் ஆறு வணிகத்தின் ஆறு. கப்பல்கள் கடலில் நிற்கும். தொங்கான்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். கரையிலுள்ள கிடங்குகளில் இறக்கும். முற்காலத்தில் அந்தத் தொங்கான்களை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலம் மிகத் தாழ்வாக அமைந்துவிட்டது. கடல் நீர் ஏறும் நேரத்தில் தொங்கான்கள் அதன் அடியில் நுழைய முடியாது. நீர் வடியும் வரை காத்துக் கிடக்க வேண்டும். கடலின் ஏற்றமும் வற்றமும் உழைப்பாளியின் வேலை நேரத்தை முடிவு செய்தன.

காலாங் படுகையோ பொருள் செய்யும் ஆறாக வளர்ந்தது. அங்கே கரை முழுதும் சதுப்பு, அலையாத்தி மரங்கள், கொசு. செல்வர்கள் குடியிருக்க விரும்பாத நிலம். ஆனால் தண்ணீர் இருந்தது, படகு போகும் வழி இருந்தது, நிலம் மலிவாக இருந்தது. நாம் முன்னர் சொன்ன மூன்றும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. அதனால் சத்தமும் புகையும் நாற்றமும் உள்ள தொழில்களெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன.

இனி ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து முகத்தை நோக்கி நடப்போம்.

மேட்டு நிலத்தில், தீவின் உட்பகுதியில், முதலில் வளர்ந்தது காம்பியர். வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியைப் போன்றது அது. தோல் பதனிடுவதற்கும் பயன்பட்டது. சீனக் குடியானவர்கள் மிளகையும் காம்பியரையும் சேர்த்துப் பயிரிட்டனர். காம்பியர் இலையைப் பறித்தவுடன் பெரிய கொப்பரையில் இட்டுக் காய்ச்ச வேண்டும். அதற்கு ஏராளமான விறகு வேண்டும். சுற்றியிருந்த காடு விறகாகப் போயிற்று. மண்ணும் சில ஆண்டுகளில் சத்திழந்தது. காடும் மண்ணும் தீர்ந்தபின் அத்தொழில் நீரிணையைத் தாண்டி ஜொகூரின் ஆற்றங்கரைகளுக்கு வந்துவிட்டது. ஓரிடத்தில் கிடைப்பதைத் தின்று தீர்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் தொழிலுக்கு இது முதல் எடுத்துக்காட்டு.

சற்றுக் கீழே வந்தால் ‘போத்தோங் பாசிர்’ என்னும் ஊர். மலாயில் போத்தோங் என்றால் வெட்டு. பாசிர் என்றால் மணல். கட்டடம் கட்ட மணல் வெட்டிய இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மணலை அடுத்துச் செங்கல். சிராங்கூன் சாலையில் 1858இல் அரசாங்கம் செங்கற் சூளைகளை அமைத்தது. அங்கே வேலை செய்தவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரின் சாலைகளையும் பாலங்களையும் பெரிய கட்டடங்களையும் அமைத்ததில் அவர்களுடைய பங்கு மிகப் பெரிது. அவர்கள் அறுத்த செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பரிசு பெற்றது. அவர்களுக்கு முன்னரே, 1819இல் ராஃபிள்சோடு வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை தொடங்கினார். சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு 1827இல் வித்திட்டவரும் அவரே.

செங்கல்லுக்கு அடுத்தது சுண்ணாம்பு. சிராங்கூன் சாலைப் பகுதிக்கு நம்மவர் இட்ட பழைய பெயர் ‘சுண்ணாம்புக் கம்பம்’. கம்பம் என்பது மலாய்க் கம்போங்தான். மலாயிலும் அவ்விடத்துக்கு ‘கம்போங் கப்போர்’ என்றே பெயர்; கப்போர் என்றாலும் சுண்ணாம்பே. அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலை முன்னாளில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்று அழைத்தார்கள். சூளையில் வேலை செய்தவர்கள் வணங்கிய தெய்வம் அது. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்து அரைத்த மதராஸ் சுண்ணாம்புச் சாந்தைக் கைதிகள் பூசினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்கள் இன்றும் அந்த வேலைத்திறனுக்குச் சான்றாக நிற்கின்றன. கட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அவர்கள் தொழிலின் பெயர் ஓர் ஊருக்கே பெயராக நின்றது.

இப்போது நம் மாணவனின் எருமைக்கு வருவோம். ரோச்சோர் ஆற்றங்கரையில் புல்லும் நீரும் நிறைய இருந்தன. எருமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் அங்கே மாட்டுத் தொழுவங்கள் பெருகின. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் மாட்டு வாணிகத்தில் பேர் பெற்றார். அவர் பெயரிலும் அங்கே ஒரு சாலை உண்டு. தமிழர் பலர் மாடு மேய்த்தும் பால் கறந்து விற்றும் பிழைத்தனர். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் எருமைத் தொழுவம். புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவமனை ஒன்று இன்றும் அந்தப் பெயரைச் சுருக்கிக் கேகே என்று வைத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரமாயிரம் குழந்தைகள் பிறந்த அந்த இடத்தின் பெயர் ஒரு மாட்டுத்தொழில் விட்டுச் சென்ற பெயர்.

மாடு வந்தவுடன் அதைச் சுற்றி வேறு தொழில்களும் வந்தன. இறைச்சிக் கொட்டில் வந்தது. கோதுமை அரைக்கும் ஆலை வந்தது. எள் ஆட்டும் செக்கு வந்தது. தவிடும் பிண்ணாக்கும் மாட்டுக்கு ஆகும் அல்லவா? ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலுக்கு மூலப்பொருள். இதனால்தான் தொழில்கள் கூட்டம் கூட்டமாக அமைகின்றன. கெர்பாவ் ரோட்டில் பல வண்ணம் பூசிய வீடு ஒன்றை இன்றும் பார்க்கலாம். 1900இல் கட்டப்பட்ட அந்த வீட்டுக்கு உரியவரான டான் டெங் நியா கரும்பிலிருந்து இனிப்புப் பண்டம் செய்யும் ஆலைகளை நடத்தினார். ரப்பர் புகைக்கூடமும் வைத்திருந்தார் என்றும், அதற்குக் கரும்பையே எரிபொருளாக்கினார் என்றும் கூறுவர். ஒன்றைச் செய்து மிஞ்சியதைக் கொண்டு இன்னொன்றைச் செய்யும் அறிவு அது.

ஆனால் காலம் செல்லச் செல்லச் சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டது. வீடுகள் நெருங்கின. குளங்கள் மறைந்தன. மாட்டுத் தொழுவத்தின் நாற்றத்தை நகரம் பொறுக்கவில்லை. 1930களில் மாட்டுத்தொழிலை நகராட்சி அவ்விடத்திலிருந்து வெளியேற்றியது. மாட்டுக்குப் பதில் கடைகள் வந்தன. துணிக்கடையும் மளிகைக்கடையும் நிறைந்த இன்றைய சிராங்கூன் சாலை அதன் பின்னர்ப் பெருகி வளர்ந்தது. “எருமை எங்கே?” என்று கேட்ட பிள்ளைக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “எருமை போய்விட்டது தம்பி. அது நின்ற இடத்துக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.”

இன்னும் கீழே, ஆற்றின் முகத்துக்குச் செல்வோம். அங்கே கடலிலிருந்து பெரிய படகுகள் வர முடியும். ஆகவே பளுவான மூலப்பொருளைக் கொண்டு நடக்கும் தொழில்கள் அங்கே அமைந்தன. 1862இல் காலாங்கில் எரிவாயு ஆலை தொடங்கப்பட்டது. நிலக்கரியைச் சூடேற்றி அதிலிருந்து வாயு எடுத்தார்கள். 1864இல் சிங்கப்பூரின் தெருக்களில் வாயு விளக்குகள் எரிந்தன. சீனர்கள் அந்த வட்டாரத்தை ‘நெருப்பு நகரம்’ என்றே அழைத்தனர். அந்த ஆலை 1998 வரை இயங்கியது. அதன் அருகே மரம் அறுக்கும் ஆலைகள் இருந்தன. வெட்டிய மரத்தை நீரிலேயே மிதக்கவிட்டுக் கொண்டு வரலாம். தஞ்சோங் ரூவில் படகு கட்டும் பட்டறைகளும் கரி இறக்கும் துறையும் இருந்தன.

நேயர்களே, இங்கேதான் நம் ரப்பரும் வருகிறது. தோட்டத்தில் புகையூட்டிய ஷீட்டு பெட்டியில் கட்டப்பட்டுச் சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாக உலகத்துக்குப் போனது நமக்குத் தெரிந்ததே. காலாங் கரைக்கு வந்தது வேறு வகை ரப்பர். சுமத்திராவிலும் போர்னியோவிலும் சிறு தோட்டக்காரர்கள் ஆலையில்லாமல் உறைய வைத்த கட்டிப்பால், மரத்தில் உரித்த ஒட்டுப்பால், மண்ணும் பட்டையும் கலந்த ஈர ரப்பர் ஆகியவை படகில் வந்தன. அவற்றை ஊற வைத்து, ஓடும் தண்ணீரில் உருளைகளுக்கிடையே பலமுறை விட்டு நசுக்கிக் கழுவி, மெல்லிய தகடாக்கி, மாடத்தில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதும், அந்தத் தண்ணீர் எப்படி நாறும் என்பதும் தோட்டத்தில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வட்டாரத்தில், சும்பாவா ரோட்டில், டான் கா கீ என்பவரின் புகழ்பெற்ற ரப்பர் ஆலை இருந்தது. அவர் 1890இல் சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். 1904இல் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிலைத் தொடங்கினார். 1906இல் அன்னாசிக்கு ஊடாக ரப்பர் விதைகளை ஊன்றினார். பின்னர் ரப்பரைக் கழுவி விற்பதோடு நிற்கவில்லை. அதே ரப்பரில் காலணி செய்தார்; டயர் செய்தார்; பொம்மைகள் செய்தார். இதனை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாலைப் பாலாக விற்றால் ஒரு விலை. ஷீட்டாக விற்றால் அதனினும் மேல். செருப்பாக விற்றால் பன்மடங்கு. வெட்டியவர் கைக்கு வந்த கூலி முதல் விலையிலிருந்து வந்தது. நகரத்தின் மாடிக் கட்டடங்கள் பின் இரண்டு விலையில் எழுந்தன.

ஆனால் அந்த ஆலைகளும் நிலையாக நிற்கவில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பரின் விலை அடியோடு சரிந்தது. டான் கா கீயின் நிறுவனம் 1934இல் மூடப்பட்டது. அதே வீழ்ச்சியில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பாட்டன்மார் அந்தக் கதையைச் சொல்லக் கேட்டவர்கள் உங்களில் இருக்கக்கூடும். ஆற்றங்கரையில் ஆலைக்கதவு மூடியதும் தோட்டத்தில் பெரட்டு நின்றதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முனைகள். பால்வாளி தூக்கியவரும் உருளை சுழற்றியவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் இருவர் சோறும் ஒரே விலையில் தொங்கியது. மீண்டும் 1963இல் இந்தோனேசியா சிங்கப்பூரோடு வணிகத்தைத் துண்டித்தபோது ஈர ரப்பர் கொண்டுவரும் படகுகள் தடைப்பட்டன. ஆற்றங்கரை ஆலைகள் மறுபடியும் அடி வாங்கின.

இதுவரை தொழில்கள் ஆற்றைத் தேடிப் போனதைக் கண்டோம். 1960களில் இந்த முறையே மாறியது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்கச் சிங்கப்பூர் அரசு 1961இல் மேற்குக் கரையில் ஜூரோங் என்னும் சதுப்பு நிலத்தைத் தொழில் நகரமாக்கத் தொடங்கியது. இரும்பு, கப்பல், எண்ணெய் போன்ற பெருந்தொழில்கள் மக்கள் நெருங்கி வாழும் நகரத்தைவிட்டு அங்கே போயின. காலாங் படுகையின் சதுப்பையும் நிரப்பினார்கள். அங்கே வீடமைப்பு அடுக்குமாடிகளும், அவற்றின் பக்கத்திலேயே புகையும் நாற்றமும் இல்லாத இலகு தொழில்களுக்கு அடுக்குமாடித் தொழிற்கூடங்களும் எழுந்தன. கோலம் ஆயர் என்னும் இடத்தில் இன்றும் அவற்றைக் காணலாம். ஆயர் என்பது நீர். கோலம் என்னும் மலாய்ச் சொல் நம் குளம் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். குளம் இருந்த இடத்தில் கூடம். இனித் தொழிலின் இடத்தை ஆறு முடிவு செய்யவில்லை. சாலையும், மின்சாரமும், பயிற்சி பெற்ற கைகளும், அரசின் திட்டமும் முடிவு செய்தன.

ஆனால் பழைய தொழில்களின் அழுக்கு ஆற்றிலேயே தங்கிவிட்டது. மரத்தூள், எண்ணெய், பன்றிப் பண்ணைக் கழிவு, வீட்டுக் கழிவு, நடைபாதை உணவுக் கடைகளின் மிச்சம் என்று எல்லாம் ஆற்றில் விழுந்தன. காலாங்கும் சிங்கப்பூர் ஆறும் கறுத்து நாறின. 1977 பிப்ரவரி 27 அன்று, காலாங் ஆற்றின் தலைப்பகுதியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழா நடந்தது. பிரதமர் லீ குவான் இயூ அங்கே பேசும்போது, 10 ஆண்டுகளில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று குறிக்கோள் வகுத்தார்.

அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்தது சாதாரண வேலை அன்று. சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாறின. பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். 2,800 அளவிலான குடிசைத் தொழில்களும் பட்டறைகளும் வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சுமார் 5,000 நடைபாதை வியாபாரிகள் உணவங்காடிகளுக்குள் சென்றனர். காலாங் படுகையில் இருந்த 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகன்றன. மர ஆலைகள் வடக்கே சுங்கை காடுட் பகுதிக்கும், படகுப் பட்டறைகள் ஜூரோங் முதலிய இடங்களுக்கும் போயின. 1983இல் சிங்கப்பூர் ஆற்றின் 800 தொங்கான்களும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. அடியில் படிந்த சேற்றை வாரி எடுத்தனர். 1987இல் ஆறுகள் தூய்மையடைந்ததைக் கொண்டாடினார்கள். மீன் திரும்பி வந்தது.

எல்லாரும் மகிழ்ச்சியோடு போனார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். தொங்கான்காரர்கள் மனக்கசப்போடு சென்றனர். பாசிர் பாஞ்சாங்கில் அலை அதிகம். பழகிய ஆற்றைப் போல் அது அமைதியாக இல்லை. கொல்லையில் பட்டறை வைத்திருந்தவருக்கு மாடியில் வாடகைக்கு அறை எடுத்துத் தொழில் செய்வது புதிய சுமை. சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. போ என்று சொல்வதோடு நில்லாமல், போக ஓர் இடமும் காட்டப்பட்டது. வீடும், அங்காடியும், பட்டறைக்கு இடமும் கட்டி வைத்துக்கொண்டு ஆற்றைக் கழுவினார்கள். ஆறு தூய்மையானதற்குச் சட்டம் பாதிக் காரணம். மாற்றிடம் மறு பாதி.

மாற்று ஏற்பாடு காலத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் சாயப் பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கும் ஆகாமல் போயிற்று, உழவர்கள் வழக்காடினார்கள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. தொழிலாளி வேலையை இழந்தான். உழவனோ அதற்கு முன்னரே நிலத்தின் வளத்தை இழந்திருந்தான். மேல்கரையின் வருமானமும் கீழ்கரையின் கண்ணீரும் ஒரே ஆற்றில்தான் ஓடுகின்றன.

சிங்கப்பூரில் கதை இன்னும் ஒரு படி மேலே போனது. 2008இல் ஆற்று முகத்தை மறித்து மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டது. காலாங், ரோச்சோர், கேலாங், சிங்கப்பூர் ஆறுகளின் நீர் இப்போது ஒரு நன்னீர்த் தேக்கத்தில் சேர்கிறது. அதன் நீர்ப்பிடிப்பு சுமார் 10,000 ஹெக்டேர். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. சாக்கடையாகக் கிடந்த ஆறு குடிநீராயிற்று.

அன்று மாலை பிள்ளைகளோடு காலாங் கரையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் எங்களைக் காண வந்தார். நாள்தோறும் விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருபவர் அவர். முதலில் வேலை செய்த தொழிற்கூடம் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாம். “என்ன செய்தாய்?” என்று கேட்டோம். “கூட இருந்த பலருக்கு வேலை போச்சு சார். நான் ராத்திரி வகுப்பில் வெல்டிங் படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கி வச்சிருந்தேன். அடுத்த மாசமே வேற இடம் கிடைச்சது” என்றார்.

அன்புள்ள பெற்றோர்களே, இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. நம் தோட்டங்களும் ஆற்றங்கரைத் தொழில்களைப் போன்றவையே. காம்பியர் இருந்த மண்ணில் ரப்பர் வந்தது. ரப்பர் இருந்த மண்ணில் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயத்தைக் காலி செய்யும்படி கடிதம் வந்தபோது, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, ‘தோட்டம் மாறிச் சென்றார்’ என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளில் சிலர் பிறகு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை.

தொழில் ஓரிடத்தில் நிலைத்து நிற்காது என்பது காலாங் ஆறு நமக்குச் சொல்லும் செய்தி. ஆகவே இரண்டு காரியங்களை நாம் செய்ய வேண்டும். தோட்டம் கைமாறும் என்ற பேச்சு எழுந்தவுடனே, வெளியேறும் நாளுக்குக் காத்திராமல், மாற்று வீட்டைப் பற்றித் தொழிற்சங்கத்தின் வழியாக ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். காலாங்கில் இடம் காட்டியபின் ஆற்றைக் கழுவினார்கள் என்றால், நமக்கும் இடம் காட்டுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. இரண்டாவது, பிள்ளை எந்தக் காரணத்துக்காகவும் பள்ளியை இடையில் நிறுத்தக் கூடாது. படிப்பில் நாட்டம் குறைந்த பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலாவது சான்றிதழோடு இருக்க வேண்டும். ஆலை இடம் மாறினால் கற்ற கை அதோடு போகலாம், வேறு ஆலையையும் தேடலாம்.

அடுத்த முறை நீங்கள் சிராங்கூன் சாலைக்குச் சென்றால், கடைகளைப் பார்ப்பதோடு சாலைகளின் பெயர்களையும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மணல் வெட்டியவரும், சுண்ணாம்பு சுட்டவரும், எருமை மேய்த்தவரும் அந்தப் பெயர்களில் இருக்கிறார்கள். அவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு என்று சொல்லிக்கொடுங்கள்.